திங்கட்கிழமை அம்மோனியா

ஆகஸ்ட் 5, திங்கள்

இந்த நோட்டை ஜெபக்கனி அக்கா கொடுத்தார். "ஏட்டி எசக்கி, நீ வந்து ஒன்றரை மாசம் ஆகுது. உன் வாயில இருந்து மொத்தமா நாப்பது வார்த்தை வந்திருக்கும். பேசத்தான் மாட்டேங்க, இதுலயாவது எழுது. நான் படிக்க மாட்டேன், சத்தியமா" என்றார். அட்டையில் ஒரு சேவல் படம். ஏன் சேவல் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

என் பெயர் இசக்கியம்மாள். எம்.எஸ்சி. இயற்பியல். பல்கலைக்கழகத்தில் நெல்லையப்பன் சாரின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். அக்கா அங்கே பிஎச்.டி. மாணவி. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். இதை எழுதும்போதே யாரோ தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பது போல் இருக்கிறது.

இங்கே என் வேலை மூக்கனோடு. மூக்கன் என்பது அக்கா வைத்த பெயர். அரை மீட்டர் நீள எஃகுக் குழாய், இரு முனையிலும் ஒவ்வொரு கண்ணாடி. உள்ளே லேசர் ஒளியை விட்டுச் சட்டென்று நிறுத்துவோம். மாட்டிக்கொண்ட ஒளி இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவே பல்லாயிரம் தடவை போய்ப் போய் வந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து மங்கும். மங்குவதற்கு எடுக்கும் நேரத்தைத்தான் அளக்கிறோம். குழாய்க்குள் வரும் காற்றில் அம்மோனியா இருந்தால் அது ஒளியைத் தின்னும். ஒளி சீக்கிரம் மங்கிவிடும். நூறு கோடி மூலக்கூறில் ஒன்றிரண்டு அம்மோனியா இருந்தால்கூட மூக்கனுக்குத் தெரிந்துவிடும். அந்த அரை மீட்டருக்குள் ஒளி ஓடும் தூரம் நாற்பது கிலோமீட்டர் என்று அக்கா கணக்குப் போட்டுக் காட்டினார். இங்கிருந்து எங்கள் ஊரும் அதே தூரம். இரண்டு பஸ்.

ஊர்க்காற்றை மூக்கன் போன வாரத்திலிருந்துதான் ஜன்னலோரத்து மெல்லிய குழாய் வழியாக உறிஞ்சுகிறான். அதனால் சார் ஒரு சட்டம் வைத்திருக்கிறார். ஜன்னலுக்கு இரண்டு மீட்டருக்குள் யார் வந்தாலும், எது வந்தாலும் நேரம் போட்டுப் பதிவேட்டில் எழுத வேண்டும். எழுதுவது நான். இன்றைய பக்கம் இது:

9.10 — ஜெபக்கனி அக்கா, டீ.
9.40 — பெருமாளம்மா தரை துடைத்தார். பினாயில்.
10.05 — சார். தலையில் தேங்காயெண்ணெய்.

வழக்கமாக அம்மோனியா மூன்று, நான்கு என்றுதான் இருக்கும். இன்று காலை நான் ஊரிலிருந்து நேரே வந்து, பையை ஜன்னல் கொக்கியில் மாட்டிவிட்டு உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் ஏற ஆரம்பித்தது. இருபத்திரண்டு வரை போனது. மதியம் பையை விடுதியில் வைத்துச் சாப்பிட்டுவிட்டு வந்தபோது பாதிக்கு மேல் இறங்கியிருந்தது. அக்கா பினாயிலைச் சந்தேகப்படுகிறார். பெருமாளம்மா, "ரெண்டு வருசமா இதே பினாயிலுதான், உங்க மூக்கனுக்குத்தான் சளி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 8, வியாழன்

மூக்கனின் கண்ணாடிகளில் ஏதோ படிந்துவிட்டது. ஒளி மங்கும் நேரம் 131 மைக்ரோ நொடியிலிருந்து 90-க்கு வந்துவிட்டது. துடைக்க வேண்டும். லென்ஸ் தாளில் ஒரு சொட்டு மெத்தனால் விட்டு, கண்ணாடி மேல் படுக்கப் போட்டு, ஒரே இழுப்பில் இழுக்க வேண்டும். வேகம் கூடினால் கோடு விழும். குறைந்தால் கறை நிற்கும். நடுவில் ஒரு நூல் அளவு தயங்கினாலும் போச்சு. இந்தக் கண்ணாடிகள் இரண்டுதான் இருக்கின்றன. வெளிநாட்டிலிருந்து வரவழைக்க ஐந்து மாதம் ஆகும்.

அக்காதான் எப்போதும் துடைப்பார். அவருக்கு இப்போது பிள்ளை உண்டாகி நான்காம் மாதம். எழுந்தால் தலை சுற்றுகிறது. "நீ பண்ணுட்டி" என்று தாளை என்னிடம் நீட்டினார்.

இழுத்தேன். 132.

அக்கா திரையைப் பார்த்தார். என் விரல்களைப் பார்த்தார். "எனக்கு இது வர ரெண்டு வருசம் ஆச்சு. எங்கட்டி பழகுன?"

"சும்மா" என்றேன். நாற்பத்தொன்றாவது வார்த்தை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

ஊர். அம்மாவுக்கு வலது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. நேற்று மதியத்திலிருந்து வீட்டு வேலை. அம்மாவின் பங்கில் பாதியை நான் முடித்தேன். எழுந்ததும் எலுமிச்சம்பழத் தோலால் விரல்களைத் தேய்த்துக் கழுவினேன், மூன்று தடவை. நகக்கண்ணில் மட்டும் பழுப்பு போக மாட்டேன் என்கிறது.

ஆகஸ்ட் 12, திங்கள்

இருபத்துநான்கு. அதே நேரம், அதே மாதிரி.

அக்கா இரண்டு தடவை வாந்தி எடுத்தார். "திங்கக்கிழமையே எனக்குப் பிடிக்கல. உள்ள இருக்கதுக்கும் பிடிக்கல" என்று வயிற்றைத் தடவிக்கொண்டார். பெருமாளம்மாவைப் பினாயில் போடாமல் துடைக்கச் சொல்லியிருந்தோம். ஆகவே பினாயில் இல்லை. பெருமாளம்மா வெற்றியோடு வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்.

ஆகஸ்ட் 14, புதன்

அக்கா தன் மீன்குழம்பை என் தட்டில் ஊற்றிவிட்டார். அவருக்கு வாடை ஒத்துக்கொள்ளவில்லையாம். இரண்டு பேருக்கான சாப்பாட்டை நான் சாப்பிட்டேன். "மூணு பேருக்கு" என்று அக்கா திருத்தினார்.

ஆகஸ்ட் 19, திங்கள்

மூன்றாம் திங்களும் ஏறிவிட்டது. இருபத்துமூன்று.

திடீரென்று அக்கா மேசையைத் தட்டினார். "மாட்டுச் சந்தை!"

பைபாஸுக்கு அந்தப் பக்கம் திங்கள்தோறும் மாட்டுச் சந்தை கூடும். விடியும் முன்பே லாரிகளில் மாடுகள் வந்து இறங்கும். மாட்டு மூத்திரத்திலிருந்து அம்மோனியா வரும். அது பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. மூன்று கிலோமீட்டர்தான். மேல்காற்று அடித்தால் நேரே நம் ஜன்னல்.

"உன் பஸ்ஸு சந்தை வழியாத்தான வருது? இன்னைக்குக் கூட்டமா?"

"ஆமாக்கா. ரோடு வரைக்கும் லாரி நின்னுது."

"சொன்னேம்லா! எனக்கு இங்கயே நாத்தம் அடிக்கி சார். திங்கக்கிழமை மட்டும் அடிக்கி."

சார் சிரித்தார். "ஜெபா, உன் மூக்கு சான்று ஆகாதும்மா."

"ஏன் சார் ஆகாது? இப்ப இது ரெட்டை மூக்கு."

இன்று முழுக்க அக்கா பாடிக்கொண்டே இருந்தார். அவருடைய ஆய்வேட்டில் மூன்றாம் அத்தியாயம் காலியாகக் கிடந்தது. அவர் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பஸ்ஸில் வரும்போது சந்தையில் எத்தனை லாரி என்று எண்ணிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார். எனக்கும் ஒரு வேலை.

ஆகஸ்ட் 26, திங்கள்

இருபத்தொன்று. பதினேழு லாரி. அக்கா ஒரு தடவைதான் வாந்தி.

செப்டம்பர் 2, திங்கள்

ஐந்தாம் திங்கள். இருபத்தைந்து. இனி எழுதலாம் என்று சார் சொல்லிவிட்டார்.

அக்கா நான்கே மணி நேரத்தில் கட்டுரையின் முதல் வடிவத்தை அடித்து முடித்தார். என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். தலைப்புக்குக் கீழே அவர் பெயர், அடுத்து என் பெயர், கடைசியில் சார்.

"நான் எதுக்குக்கா?"

"கண்ணாடி துடைச்சது யாரு? லாரி எண்ணுனது யாரு? பதிவேட்ட எழுதுனது யாரு? போ, ஏட்டி."

இந்தப் பெயர் பள்ளி வருகைப் பதிவில் இருந்திருக்கிறது. ரேஷன் அட்டையில் இருக்கிறது. இப்படி அச்சுக்குப் போகிற தாளில் இருந்ததில்லை. ஆங்கில எழுத்தில் அது மிக நீளமாக இருந்தது. அக்கா டீ குடிக்கப் போனதும் இன்னொரு தடவை பார்த்தேன்.

இந்த மாதம் இருபதாம் தேதி ஆய்விதழுக்கு அனுப்ப வேண்டும். ஒரு கட்டுரையாவது ஏற்கப்பட்டால்தான் அக்கா ஆய்வேட்டைக் கொடுக்க முடியும். ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டு அம்மா வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். "அதுக்கு முன்னால குடுத்துட்டேன்னா குடுத்தேன். பிள்ளையக் கையில வச்சிக்கிட்டு ஆய்வேடு எழுதுனவங்கள நான் பாத்திருக்கேன். பிள்ளை வளந்து காலேஜுக்குப் போயிருது" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

செப்டம்பர் 8, ஞாயிறு

ஊர். அக்கா படிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருப்பதால் எழுதிவிடுகிறேன். வீட்டு வேலை என்று நான் எழுதுவது பீடி சுற்றுவது. எட்டு வயதிலிருந்து சுற்றுகிறேன். இலையில் தூளைப் பரப்பி, உருட்டி, முனையை மடக்கி நூல் கட்டுவதற்குள் விரல் எங்கேயும் தயங்கக் கூடாது; தயங்கினால் இலை கிழியும். கண்ணாடியைத் துடைக்க எங்கே பழகினாய் என்றால் இங்கேதான்.

கல்லூரியில் ஒருத்தி என் பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தைச் சுளித்து, இடம் மாறினாள். அதற்கப்புறம்தான் எலுமிச்சை. ஆய்வுக்கூடத்தில் யாரிடமும் சொன்னதில்லை. அம்மா என்ன செய்கிறார் என்று அக்கா கேட்டபோது, "வீட்டுலதான் இருக்காவ" என்றேன். அது பொய் இல்லை.

"கட்டுரைல ஒன் பேரு வருதாமே. அதுல என்னளா எழுதியிருக்கு?" என்று அம்மா கேட்டார்.

"சந்தைக்கு வார மாட்டு மூத்திரத்தப் பத்திம்மா."

அம்மா கையில் இருந்த இலையைக் கீழே வைத்துவிட்டார். "இதுக்கா அஞ்சு வருசம் படிச்ச?"

இருவரும் வெகுநேரம் சிரித்தோம்.

செப்டம்பர் 9, திங்கள்

பஸ் பைபாஸில் திரும்பியபோது லாரி எண்ணத் தயாராக இருந்தேன். மைதானம் காலி. ஒரு நாய் மட்டும் குறுக்கே போனது. வாசலில் துணி பேனர்: கோமாரி நோய் பரவுவதால் 9, 16 ஆகிய இரண்டு வாரம் சந்தை கிடையாது.

இதை அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று படியேறினேன். பையை மாட்டினேன். மாடு இல்லையே, இன்று ஏறாதே என்று நினைத்துக்கொண்டே திரையைப் பார்த்தேன். ஏறியது. எட்டு. பதினான்கு. இருபத்துமூன்று.

அக்கா வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். "அம்மோனியா வந்துட்டா? சரியா ஒம்பதே கால்! சந்தை எப்படி, கூட்டந்தான?"

"ம்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் கண்ணில் அவ்வளவு வெளிச்சம் இருந்தது.

மதியம் பையை எடுத்துக்கொண்டு விடுதிக்குப் போனேன். திரும்பி வந்தால் இறங்கியிருந்தது. ஒவ்வொரு திங்களும் நான் சாப்பிட்டு வந்த பிறகுதான் இறங்கியிருக்கிறது. மறுபடி விடுதிக்கு ஓடினேன். துணிகளை வெளியே எடுத்துக் கட்டைப்பையைக் கவிழ்த்து உதறினேன். மூலைத் தையலிலிருந்து பழுப்பாகத் தூள் கொட்டியது.

சனிக்கிழமைதோறும் நான் ஊருக்குப் போனதும் அம்மா இந்தப் பையில்தான் பீடிக் கடையிலிருந்து இலையும் தூளும் வாங்கி வருகிறார். திங்கள் காலை அதே பையில் என் துணிகளை வைத்துக் கொண்டுவருகிறேன். பதப்படுத்திய புகையிலையிலிருந்து அம்மோனியா வரும். அதுவும் ஏதோ ஒரு பாடத்தில் இருந்தது.

பையை முகத்தருகே வைத்து மோந்து பார்த்தேன். எனக்கு ஒரு வாசனையும் தெரியவில்லை.

செப்டம்பர் 11, புதன்

அக்கா ஸ்கேனுக்குப் போயிருந்தார், சார் வகுப்பில். வெறும் பையைக் கொண்டுவந்து கொக்கியில் மாட்டினேன். நான்கு நிமிடத்தில் இருபத்தாறு. தாழ்வாரத்துக்கு எடுத்துப் போனேன், இறங்கியது. மாட்டினேன், ஏறியது. மூன்று தடவை செய்தேன். முதல் தடவையே போதும்.

பிறகு பதிவேட்டை முதலிலிருந்து புரட்டினேன். அக்காவின் டீ இருக்கிறது. சாரின் தேங்காயெண்ணெய் இருக்கிறது. பெருமாளம்மாவின் வாளி, ஜன்னலில் வந்து உட்கார்ந்த மைனா, எல்லாம் என் கையெழுத்தில் இருக்கின்றன. ஒன்றரை மாதத்தில் ஒரு இடத்தில்கூட நான் இல்லை.

இன்று செய்ததையும் பதிவேட்டில் எழுதவில்லை.

செப்டம்பர் 12, வியாழன்

பையைத் துவைத்தேன். இரண்டு தடவை.

செப்டம்பர் 16, திங்கள்

துவைத்த பையோடு விடுதிக்குப் போய், குளித்து, வேறு சுடிதார் போட்டுக்கொண்டு கையை வீசிக்கொண்டு வந்தேன். மூன்று. நாள் முழுக்க மூன்று.

அக்கா வாடிப்போய்விட்டார். "என்னட்டி இது? இன்னைக்குச் சந்தை இல்லியா?"

இந்தத் தடவை உண்மை சொல்லலாம் என்று தோன்றியது. "இல்லக்கா. கோமாரி நோயாம். அடைச்சுப் போட்டிருக்கு."

அக்கா நாற்காலியிலிருந்து குதித்தே விட்டார். "சார்! சந்தையும் இல்ல, அம்மோனியாவும் இல்ல! இதைவிட என்ன சார் நிரூபணம் வேணும்?" சாரும் எழுந்து வந்து திரையைப் பார்த்து, "அருமை, அருமை" என்றார். அக்கா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவர் வயிறு என் மேல் பட்டது. "நீ சொல்லலன்னா எனக்கு இது தெரிஞ்சிருக்குமா? நன்றி சொல்லித் தனியா ஒரு வரி போடுதேன்."

நான் பாதி உண்மையைச் சொன்னேன். அது பொய்யைவிட மோசமாக வேலை செய்துவிட்டது. போன வாரமும் சந்தை இல்லை. ஆனால் அம்மோனியா இருந்தது. அந்தப் பாதி என்னிடம்தான் இருக்கிறது.

இன்று அக்காவுக்கு வாந்தி இல்லை. அவர் கவனிக்கவில்லை.

செப்டம்பர் 17, செவ்வாய்

"அக்கா" என்றேன்.

"சொல்லுட்டி."

"ஒன்னுமில்லக்கா."

இதே மாதிரி மூன்று தடவை. மூன்றாம் தடவை அக்கா, "கல்யாணம் கில்யாணம் பேசுதாங்களா வீட்டுல?" என்று கேட்டார்.

செப்டம்பர் 18, புதன்

சொல்லவில்லை.

செப்டம்பர் 19, வியாழன்

நாளை அனுப்ப வேண்டும். வாய் வராது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்குத் தெரிந்த ஒரே இடத்தில் எழுதினேன். பதிவேட்டில், இன்றைய தேதியில், குறிப்பு என்ற பத்தியில்:

"ஆகஸ்ட் 5, 12, 19, 26, செப்டம்பர் 2, 9 ஆகிய ஆறு திங்களும் காலை 9.05 — இசக்கியம்மாள் ஊரிலிருந்து வந்தாள். அவளுடைய பை ஜன்னல் கொக்கியில், குழாயிலிருந்து முப்பது சென்டிமீட்டரில். பையில் பீடிப் புகையிலைத் தூள். மதியம் ஒரு மணிக்கு எடுத்துச் சென்றாள். செப்டம்பர் 9 அன்றும் சந்தை இல்லை, கேட்டபோது சொல்லவில்லை. செப்டம்பர் 11 அன்று வெறும் பையை மாட்டிப் பார்த்ததில் 26. மூன்று முறை. செப்டம்பர் 16 அன்று பை இல்லை."

கையெழுத்துப் போட்டேன். பதிவேட்டை அக்காவின் கணினி விசைப்பலகை மேல் திறந்து வைத்துவிட்டு நூலகத்துக்குப் போய்விட்டேன். ஒரே பக்கத்தை இரண்டு மணி நேரம் படித்தேன். திரும்பி வந்தபோது அக்கா இல்லை. பதிவேடு மூடியிருந்தது.

செப்டம்பர் 20, வெள்ளி

கட்டுரை போகவில்லை. அக்கா காலையில் வந்தார், நேரே தன் மேசைக்குப் போனார். மீன்குழம்பை அவரே சாப்பிட்டார். கஷ்டப்பட்டுத்தான் சாப்பிட்டார்.

சார் என்னை அறைக்குக் கூப்பிட்டார். பதிவேட்டை முன்னால் வைத்திருந்தார். வேலை போகும் என்று நினைத்தேன். அவர் மெதுவாகப் பக்கங்களைப் புரட்டினார். "என் எண்ணெயக்கூட எழுதியிருக்கியேம்மா. உன் பேரே இல்லையே இதுல. வாரா வாரம் நான் கையெழுத்துப் போடுதேன். எனக்கும் தோணல பாத்தியா" என்றார். அவ்வளவுதான். அவருக்கும் வருத்தம் என்று முகத்தில் தெரிந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 21, சனி

ஊருக்குப் போகவில்லை. அம்மாவுக்கு போன் செய்தேன்.

"கை வலிக்காம்மா?"

"வலிக்கத்தான் செய்யும். நீ ஒன் சோலியப் பாரு."

செப்டம்பர் 23, திங்கள்

விடுதியிலிருந்து நேரே வந்தேன். பை இல்லை. சந்தை இன்று மறுபடி தொடங்கிவிட்டது. வரும் வழியில் மாடு ஏற்றிய லாரிகளைப் பார்த்தேன். மூக்கனில் மூன்று. பத்து மணி, மூன்று. பதினோரு மணி, நான்கு, மறுபடி மூன்று.

அக்கா இடுப்பில் கை வைத்துத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். நான் எழுந்து நின்றேன்.

"ஆறு திங்கக்கிழமைட்டி. ஆறு! அதுல ஒன்னுலயாவது வாயத் தொறந்து சொல்லக்கூடாதா?"

"முதல் அஞ்சும் எனக்கே தெரியாதுக்கா."

"ஆறாவது?"

"தெரியும்."

"கட்டிப்பிடிச்சேனே, அன்னைக்கு?"

"தெரியும்."

"அனுப்பியிருந்தா? நாளைக்கு ஒருத்தன் வந்து ஒம்பதாம் தேதி மாடே இல்லியேன்னு கேட்டான்னா நான் எங்க போய் நிப்பேன்?" அவர் குரல் உடைந்தது. "புகையிலைன்னா என்ன, நான் உன்னக் கடிச்சா தின்னுருவேன்? உன்ன மாதிரி கண்ணாடி துடைக்க இந்தக் கட்டடத்துல ஆளு இருக்கா?"

அழுதுகொண்டிருந்தேன். அவரும் அழுதார். பெருமாளம்மா வாளியோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பிப் போனார்.

கொஞ்ச நேரம் கழித்து அக்கா மூக்கை உறிஞ்சினார். நிறுத்தினார். மறுபடி உறிஞ்சினார். சுற்றிலும் பார்த்தார்.

"மணி பதினொன்னு. திங்கக்கிழமை. எனக்கு இன்னும் குமட்டல."

நான் நிமிர்ந்தேன்.

"போன வாரமும் வாந்தி இல்ல." என்னை உற்றுப் பார்த்தார். "ஏட்டி. அப்போ என் வாந்திக்கும் நீதானா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "சார்! சார்! இங்க வாங்க! என் மூக்கு சான்று ஆகாதுன்னீங்களே! நான் மாடுன்னு சொன்னதுதான் தப்பு. கிழமையச் சரியாச் சொல்லிருக்கேன்லா!"

சிரித்து முடித்ததும், "பையக் கொண்டா" என்றார்.

"துவைச்சிட்டேன்க்கா."

"யாருட்டி துவைக்கச் சொன்னா? அது நம்ம சாம்பிள்! அம்மாவுக்கு போனப் போட்டு ஒரு பிடி தூளு வேணும்னு சொல்லு."

செப்டம்பர் 29, ஞாயிறு

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கல்லூரியில் இடம் மாறிப் போனவளைப் பற்றியும் சொன்னேன். அது அம்மாவுக்குத் தெரியாது. சுற்றுவதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு இருக்குன்னு காட்டுச்சு ஒங்க மிசினு?"

"நூறு கோடில இருபத்தாறும்மா."

"அந்தத் துளியக் கண்டுபிடிக்கவா மிசினு? ஒன் மூக்கு எங்க போச்சு?"

"எனக்குத் தெரியலியேம்மா. மோந்து பாத்தேன். வாசமே வரல."

அம்மாவின் கை ஒரு நொடி நின்றது. பிறகு தன் முந்தானையை மூக்கருகே கொண்டுபோய் இழுத்துப் பார்த்தார். "எனக்குந்தான் வரல" என்றார்.

கிளம்பும்போது தூளைத் தாளில் மடித்து, அதை ஒரு டப்பாவில் போட்டு, மூடிமேல் துணி சுற்றிக் கட்டிக் கொடுத்தார். "பிள்ளைத்தாச்சி இருக்க இடம். சூதானமாக் கொண்டு போ."

எலுமிச்சையை எடுக்கவில்லை. மறந்து போனதால் அல்ல.

அக்டோபர் 1, செவ்வாய்

அக்கா முகத்தில் இரண்டு மாஸ்க் போட்டுக்கொண்டு தாழ்வாரத்தின் கோடியில் நின்று கத்தினார். நான் தூளைப் பழைய பையில் போட்டு மூக்கனின் குழாயருகே மாட்டினேன். அரை மீட்டரில் முப்பத்தொன்று. ஒரு மீட்டரில் பதினெட்டு. மூன்று மீட்டரில் ஏழு. கதவுக்கு வெளியே ஐந்து. தாழ்வாரத்தில் ஒன்பதாவது மீட்டரில் பின்னணியோடு கலந்து காணாமல் போனது. ஒவ்வொன்றையும் மூன்று தடவை.

சிறு குறிப்பாக அனுப்பிப் பார்க்கலாம் என்கிறார் சார். போடுவார்களா என்று அவருக்கே நிச்சயமில்லை. அது ஆய்வேட்டுக்குக் கணக்கில் வராது. மூன்றாம் அத்தியாயம் மறுபடி காலி. அக்கா இனி பிள்ளையோடுதான் எழுத வேண்டும். அதை அவர் சொல்லவில்லை. ஆய்வேடு கொடுக்க என்று மேசை நாட்காட்டியில் போட்டிருந்த சிவப்பு வட்டத்தை அழித்துவிட்டிருந்தார்.

குறிப்பை அடிக்கும்போது அக்கா நிறுத்தினார். "அம்மோனியா எங்க இருந்து வந்துச்சுன்னு என்ன போட? 'தாவரப் பொருள்'னு பொதுவாப் போட்டுரலாமாட்டி? உனக்கு எப்படித் தோணுதோ."

"பீடிப் புகையிலைன்னே போடுங்கக்கா. எங்க அம்மா வீட்டுல சுத்துறதுன்னு போடுங்க."

அக்கா அடித்தார். அடித்து முடித்துவிட்டு, "பத்து வார்த்தைக்குப் பக்கமாச் சேந்தாப்ல பேசிட்டட்டி" என்றார்.

மாலையில் பட்டறையிலிருந்து சுத்தியல் வாங்கி வந்து, தாழ்வாரத்தில் ஒன்பதாவது மீட்டருக்கு நேரே சுவரில் ஓர் ஆணி அடித்தார். நான் அடிக்கிறேன் என்றால் விடவில்லை. ஆணி கொஞ்சம் கோணல். அதற்குக் கீழே பென்சிலால் "எசக்கி" என்று எழுதினார்.

அக்டோபர் 7, திங்கள்

முதல் பஸ்ஸில் வந்தேன். பத்தொன்பது லாரி.

பதினொன்று நாற்பதுக்குக் காற்று திரும்பியபோது கோடு கொஞ்சம் எழுந்தது. மூன்றிலிருந்து ஐந்துக்கு. பத்து நிமிடத்தில் அடங்கிவிட்டது. நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"மாடா இருக்குமோ?" என்றார் அக்கா, மிக மெதுவாக.

"தெரியலக்கா. இன்னும் ஆறு திங்கக்கிழமை பாக்கணும்."

"நான் ஊருக்குப் போயிட்டாலும் நீ பாப்பல்ல?"

"பாப்பேன்."

இன்றைய பதிவேட்டின் முதல் வரி:

9.05 — இசக்கியம்மாள் வந்தாள். ஊரிலிருந்து. பை தாழ்வாரத்து ஆணியில்.